ஸ்கி வாங்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

சுங்கை சிப்புட்டில் என் டயர் கடை மூலையில், பழைய ரிம்முக்கும் ஜாக்கிக்கும் நடுவே ஒரு ஜோடி ஸ்கி, பனியில் சறுக்கக் காலில் கட்டும் பலகை, சாய்ந்து நிற்கிறது. ஈப்போ பக்கம் ஒரு பண்டல் கடையில் 40 வெள்ளிக்கு வாங்கினேன். ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வந்து இறங்கும் பழைய சாமான் கடைகள் உங்களுக்கே தெரியும். கோல்ஃப் மட்டை, சூப் கிண்ணம், பொம்மை, இதற்கெல்லாம் பின்னால் ஸ்கியும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். டயர் மாற்ற வருகிறவர்கள் ஒரு முறையாவது கேட்டுவிடுவார்கள், "இது என்ன அண்ணே, ஜன்னல் சட்டமா?" என் அப்பா அதை வாழைக்கு முட்டுக் கொடுக்கக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

போன வாரம் வேறு மாதிரிக் கேள்வி வந்தது. எங்கள் பழைய தோட்டத்துப் பையன் ஒருவன், அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் சீவியவர்கள், இப்போது பினாங்கில் ஃபேக்டரியில் நல்ல வேலை. "அண்ணே, பிப்ரவரியில நாங்க மூணு பேர் ஜப்பான்ல ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கப் போறோம். இந்தக் கட்டையைக் கொடுங்க, வாடகைக் காசு மிச்சமாகும்." கொடுக்க மாட்டேன் என்றேன். முகம் வாடிவிட்டது. கஞ்சத்தனம் இல்லை தம்பி, உட்கார் என்று சொல்லி, கடை சாத்தும் வரை அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நானும் பெரிய ஆள் கிடையாது, இரண்டு முறை போய் நிறைய விழுந்தவன், ஆனால் டயர்காரன் என்பதால் இந்தச் சாமானின் கணக்கு எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் பிடிபட்டது.

ஸ்கி எதற்கு என்று முதலில் பார்ப்போம். மழைக்காலத்தில் செம்பனைக் காட்டுச் சேற்றில் குலை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சக்கரம் புதையும், நீளமாக ஒரு பலகையைப் போட்டால் அதே பாரம் மேலேயே ஓடும். புதுப்பனியும் அப்படித்தான், காலை வைத்தால் முட்டி வரை, சில இடத்தில் தொடை வரை இறங்கும். அந்தப் பலகையைக் காலிலேயே கட்டிக்கொண்டால் அதுதான் ஸ்கி. சுவீடனில் கால்வ்ட்ரெஸ்க் என்ற ஊரில் கிடைத்த ஸ்கிக்கு 5,000 ஆண்டுக்கு மேல் வயது. அந்தக் காலத்தில் அது வேட்டைக்கும் பயணத்துக்குமான சாமான், விளையாட்டெல்லாம் ரொம்பப் பிறகு வந்தது.

புதையாமல் இருப்பது பாதி வேலை, வழுக்குவது மீதி. சின்ன வயதில் பாக்கு மட்டையில் ஒருவனை உட்காரவைத்து இழுத்து விளையாடியிருப்போம் இல்லையா, மட்டையின் வழவழப்பான பக்கம் கீழே இருந்தால்தான் ஓடும். ஸ்கியின் அடிப்பக்கம் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக், அதன்மேல் மெழுகு தேய்ப்பார்கள், இரண்டு ஓரத்திலும் எஃகு விளிம்பு ஓடும். உள்ளே பெரும்பாலும் மரம், அதைச் சுற்றிக் கண்ணாடி இழை, விலை கூடியதில் அலுமினியக் கலவைத் தகடும் இருக்கும். பிளாஸ்டிக் வழுக்கும், எஃகு கடிக்கும், இவ்வளவுதான் தொழில்நுட்பம் என்று சொன்னால் ஸ்கி செய்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் தொடங்குகிறவனுக்கு இது போதும்.

இனி வகை. வகைகளைப் பிரிக்கும் முதல் கோடு குதிகால்தான். குதிகால் தூக்க வருமா, வராதா?

தூக்க வந்தால் அது நடப்பதற்கான ஸ்கி. சமவெளியிலும் சின்ன ஏற்ற இறக்கத்திலும் கிலோமீட்டர் கணக்கில் போவதற்கு, குறுகலாக, லேசாக, நீளமாக இருக்கும், பூட்ஸும் ஓட்டச் சப்பாத்து மாதிரி மெத்தென்று இருக்கும். நார்வேக்காரர்களுக்கு இது உயிர். குதிகால் பூட்டிக்கொண்டால் அது மலையிலிருந்து இறங்குவதற்கான ஆல்பைன் ஸ்கி, மேலே போவதற்குக் கம்பியில் தொங்கிப் போகும் லிஃப்ட் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு இனம் உண்டு, ஏறும்போது குதிகாலை அவிழ்த்துவிட்டு, அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது பட்டையை உரித்துக் குதிகாலைப் பூட்டுவது. அந்த ரோமம் முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சரியாமல் பிடிக்கும், பூனை முதுகைத் தடவுகிற மாதிரி. முன்பு சீல் தோலில் செய்தார்கள், இப்போது மொஹேர் ஆட்டு ரோமமும் நைலானும். லிஃப்ட் இல்லாத காட்டு மலையில் போகிறவர்களுக்கானது, பனிச்சரிவு ஆபத்தைப் படித்துத் தெரிந்தவர்களுக்கானது, முதல் பயணத்தில் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். குதிகாலைக் கடைசி வரை பூட்டாமலே முட்டியை மடக்கித் திரும்புகிற டெலிமார்க் என்ற பாணியும் இருக்கிறது. நார்வேயின் டெலிமார்க் பகுதிக்காரர் சோண்ட்ரே நோர்ஹெய்ம் 19-ஆம் நூற்றாண்டில் குதிகாலைச் சுற்றியும் கட்டு போட்டு ஸ்கியைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர். 1952 ஆஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கின் தீபத்தை அவர் பிறந்த வீட்டு அடுப்பில்தான் ஏற்றினார்கள்.

லிஃப்ட் ஏறி இறங்கப் போகும் நம் ஆட்களுக்கு வேண்டியது ஆல்பைன். அதிலும் பத்துப் பதினைந்து இனம் கடையில் நிற்கும். எதையும் குழப்பிக்கொள்ளாமல், ஸ்கியின் மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் படியுங்கள். என் கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். டயர் ஓரத்தில் 185/65 R15 என்று இருக்கிறதே, அதைப் படிக்கத் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஸ்கியில் 122-72-104 என்று மூன்று எண் இருக்கும், பக்கத்தில் R14 என்றும், 160 என்றும் இருக்கும். முதல் மூன்றும் மில்லிமீட்டரில் அகலம்: மூக்கு, இடுப்பு, வால். 160 என்பது நீளம், சென்டிமீட்டரில். R என்பது ஆரம், மீட்டரில். (டயரில் இருக்கும் R ஆரம் என்று நினைத்துக்கொண்டு பாதிப் பேர் வருகிறார்கள், அது ரேடியல். ஸ்கியில்தான் அது உண்மையிலேயே ஆரம்.)

மூன்று அகலத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வடிவம் வரும். இரண்டு முனையும் அகலம், நடு ஒடுக்கம். உடுக்கையை இழுத்து நீட்டிய மாதிரி. ஸ்கி ஏன் வளைந்து திரும்புகிறது என்பதற்கான பதில் முழுதும் அந்த இடுப்பில் இருக்கிறது. நம்பாவிட்டால் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து உடுக்கை மாதிரி நீளமாக வெட்டி, மேசைமேல் ஒரு பக்க விளிம்பில் சாய்த்து நிறுத்துங்கள். இரண்டு முனையும் மேசையைத் தொடும், இடுப்பு கொஞ்சம் அந்தரத்தில் நிற்கும். இடுப்பை விரலால் அழுத்தினால் அட்டை வில்லாக வளைந்து, விளிம்பு மேசைமேல் ஒரு வளைகோடாகப் படியும். பனியில் உங்கள் எடை செய்வது அதே வேலை. ஸ்கியைச் சாய்த்தால் அது தானே அந்த வளைகோட்டில் ஓடும், நீங்கள் திருப்ப வேண்டியதில்லை, சாய்க்கத்தான் வேண்டும். இடுப்பு எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு சின்ன வட்டம். R12 என்றால் சந்துக்குள் திரும்புகிற மோட்டார் சைக்கிள், R20 என்றால் லாரி. தொடங்குகிறவர்களுக்கு 12 முதல் 15 வரை இருந்தால் சுகம்.

என் 40 வெள்ளி ஸ்கியைக் கொடுக்காததற்கு முதல் காரணம் இதுதான். அதன் நீளம் 195, இடுப்பே கிடையாது, மேலிருந்து கீழ் வரை கிட்டத்தட்ட ஒரே அகலம். ஒரு காலத்தில் எல்லா ஸ்கியும் அப்படித்தான் இருந்தன. கையைத் தலைக்குமேல் தூக்கினால் மணிக்கட்டு வரை வரும் நீளம் எடு என்பார்கள், திருப்ப உடம்பையே முறுக்க வேண்டும். ஸ்லோவேனியாவின் எலான் கம்பெனி 1993-இல் எஸ்சிஎக்ஸ் என்ற ஆழமான இடுப்புள்ள ஸ்கியைக் கொண்டுவந்தது. முதலில் சிரித்தவர்கள் இருந்தார்கள், பத்து ஆண்டுக்குள் நேர்க்கட்டைகள் கடையிலிருந்தே காணாமல் போய்விட்டன. அவை எங்கே போயின என்று கேட்டால், ஒரு ஜோடி என் கடையில்.

இப்போது இடுப்பு எண்ணை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் எந்தப் பனிக்கு எந்த ஸ்கி என்பதை அதுதான் சொல்கிறது. 65-இலிருந்து 80 வரை, இயந்திரம் உருட்டி அமுக்கிய பாதைக்கு. 80-இலிருந்து 100 வரை, பாதையிலும் ஓடலாம், ஓரத்துப் புதுப்பனியிலும் இறங்கலாம். 100-க்கு மேல், ஆழமான தூள் பனிக்கு. ஹொக்கைடோ என்றாலே தூள் பனி என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதிக் கொட்டுகிறது, நிசேக்கோ போன்ற இடத்தில் ஒரு பருவத்துக்குப் பத்து மீட்டருக்கும் மேல். அதைக் கேட்டுவிட்டு நம் தம்பி உடனே, "அப்போ அகலமானதே எடுத்துடலாமே அண்ணே" என்றான். மட் டயர் போட்ட ஹைலக்ஸை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும் அந்த வேதனை. அகல ஸ்கியை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் புரட்ட நேரமும் பலமும் வேண்டும், இறுகிய பாதையில் முட்டிக்கு வேலை அதிகம். முதல் நான்கு நாளும் நீங்கள் இருக்கப்போவது குழந்தைகள் பழகுகிற சரிவில். அது உருட்டி வைத்த பாதை. 70 சொச்சம் போதும்.

முன்னும் பின்னும் மூக்கு தூக்கிய இரட்டை முனை ஸ்கியும் பார்ப்பீர்கள், பின்பக்கமாக ஓடவும் குதித்துச் சுழலவும். பார்த்து ரசித்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தெரிகிற வளைவு. தோட்டத்தில் பாரிட்டை, அதாவது வாய்க்காலை, கடக்கப் போட்டிருக்கும் பலகை கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தால், நடுவில் மிதிக்கும்போது தட்டையாகி இரண்டு முனையும் கரையில் அழுந்தும். ஸ்கியைத் தரையில் வைத்தால் நடு இப்படித் தூக்கி நின்றால் அதற்குக் கேம்பர் என்று பெயர். ஏறி நின்றதும் மூக்கிலிருந்து வால் வரை முழு விளிம்பும் பனியைப் பிடிக்கும், இறுகிய பனிக்கு நல்லது. இதைத் தலைகீழாக்கி, நடு தரையில் படிந்து முனைகள் சம்பான் படகு மாதிரித் தூக்கி நின்றால் ராக்கர். தூள் பனியில் மூக்கு புதையாது. ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரர் தண்ணீர்மேல் ஓடுகிற ஸ்கியைப் பார்த்து யோசித்து, 2002 வாக்கில் வோலன்ட் கம்பெனி வழியாக ஸ்பாட்சுலா என்ற முழு ராக்கர் ஸ்கியைக் கொண்டுவந்தார், அதில் இடுப்புக்கூட ஒடுங்காமல் வெளியே பிதுங்கியிருக்கும். பனி கெட்டியா, தண்ணீர் மாதிரியா என்ற கேள்வியையே அவர் மாற்றிக் கேட்டதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இன்று பெரும்பாலானவற்றில் இரண்டும் கலந்திருக்கும், மூக்கில் ராக்கர், காலடியில் கேம்பர். தொடங்குகிறவர்களுக்கு மூக்கு கொஞ்சம் தூக்கியிருந்தால், திரும்பத் தொடங்கும்போது விளிம்பு தப்பான நேரத்தில் கடிக்காது.

நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு. ஸ்கியை உங்கள் முன் நிறுத்தினால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும். 170 உயரமுள்ள ஆளுக்கு 150 முதல் 160. பழகிய பிறகு நெற்றி, தலை என்று ஏறலாம். ஆனால் உயரத்தைவிட எடைதான் ஸ்கிக்குத் தெரியும், ஸ்கிக்குக் கண் இல்லையே. ஒல்லியாக உயரமாக இருப்பவர் ஒரு சைஸ் குறைக்கலாம், கட்டையாகக் கனமாக இருப்பவர் கூட்டலாம். விறைப்பும் இதனோடு சேர்ந்தது. மெத்தென்று வளைகிற ஸ்கி மெதுவாகப் போகும்போதும் வளையும், தப்பை மன்னிக்கும். விறைத்த ஸ்கி வேகத்தில்தான் பேசும். நீளமாக இருந்தால் நல்லது, விலை கூடினால் நல்லது என்று போட்டி ஸ்கியைத் தூக்கிவிடாதீர்கள். ஸ்லாலம் என்ற வளைந்து வளைந்து இறங்கும் போட்டியில் ஆண்கள் ஸ்கிக்குக் குறைந்தபட்ச நீளம் 165, நேராகப் பாயும் டவுன்ஹில்லில் 218. ஒரே ஆள் இரண்டையும் ஓட்டுவார், போட்டிக்கு ஏற்ற கட்டை, அவ்வளவுதான். நம் நாட்டுக்கும் இதில் கணக்கு உண்டு தெரியுமா? 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப் மலேசியாவுக்காக ஆல்பைன் ஸ்கியில் இறங்கினார், 2022 பெய்ஜிங்கில் அவரோடு அருவின் சாலேஹுடினும். இதைச் சொன்னபோது தம்பி கைபேசியை எடுத்துச் சரிபார்த்தான்.

இவ்வளவும் பேசிவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்கியைவிட பூட்ஸ் முக்கியம். டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்டியரிங் ஆடினால் என்ன செய்வீர்கள்? காலின் சாய்வை ஸ்கிக்குக் கொண்டுபோவது பூட்ஸ்தான். அதன் அளவு நம் சப்பாத்து எண் கிடையாது, பாத நீளம் சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பெருவிரல் வரை அளந்தால் 26.5 என்றால் அளவும் 26.5. போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னே லேசாகத் தொடும், முட்டியை மடக்கினால் பின்வாங்கும், அதுதான் சரி. நம் ஆட்கள் எல்லாரும் வீட்டுச் சப்பாத்து மாதிரி இளக்கமாகக் கேட்பார்கள், நானும் முதல் முறை கேட்டேன், அப்புறம் உள்ளே கால் நீந்திக்கொண்டே இருந்தது, ஸ்கி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடிக் காலுறை போட்டதால் கணைக்கால் எலும்பில் மடிப்பு அழுத்திக் கன்றிப்போனது வேறு. ஒரே ஒரு மெல்லிய, முட்டி வரை வரும் காலுறை போதும். பூட்ஸின் மேல் 70, 90, 120 என்று விறைப்பு எண் இருக்கும், தொடங்குகிறவர்களுக்கு 60 முதல் 90-க்குள். இரண்டாவது முறையும் போவது உறுதி என்றால், காசு போட்டு வாங்கத் தகுந்த முதல் சாமான் பூட்ஸ்தான். ஸ்கியை வாடகைக்கே எடுக்கலாம், விமானத்தில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பண்டல் கடையில் பூட்ஸும் இருக்குமே என்று கேட்பவர்களுக்கு. நம் ஊரில் அலமாரியில் நாலைந்து வருடம் கிடந்த சப்பாத்தை எடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போனால், மண்டப வாசலிலேயே அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்துவிடும், எல்லாருக்கும் நடந்திருக்கும். பாலியூரித்தேன் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி உள்ளே உடைந்துபோகிறது. பல ஸ்கி பூட்ஸின் ஓடும் அதே இனப் பிளாஸ்டிக். பழையதாகி, நம் புழுக்கத்திலும் கிடந்தது, சரிவில் வேகமாகப் போகும்போது வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் ஸ்கியைக் கொடுக்காததற்கு இரண்டாவது காரணமும் இதை ஒட்டியதே. பூட்ஸை ஸ்கியோடு பூட்டும் கொக்கிக்கு பைண்டிங் என்று பெயர். அது பூட்டுவதற்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு, சரியான நேரத்தில் விடுவதுதான் அதன் பெரிய வேலை. விழும்போது ஸ்கி ஒரு பக்கம் முறுக்கினால், அது கழன்றுகொள்ளாவிட்டால், முறுக்கு முழுதும் முட்டிக்கும் காலெலும்புக்கும் போகும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு, டின் எண் என்பார்கள். உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், எவ்வளவு வேகமாகப் போகிறவர் என்பது, இதெல்லாம் சேர்த்து அட்டவணை பார்த்துக் கடைக்காரர் வைப்பார். 50 வயது தாண்டினால் எண்ணைக் குறைப்பார்கள். என் பழைய ஸ்கியின் பைண்டிங்கைத் திருகப் பயிற்சி பெற்ற கடைக்காரர் யாரும் கை வைக்க மாட்டார், உள்ளே ஸ்பிரிங் என்ன நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விளிம்பு எஃகு வேறு நம் ஈரத்தில் துருவேறி ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது.

ஆகவே தம்பியிடம் சொன்னது, வாடகைக் கடையில் கவுண்டரில் ஒரு தாள் கொடுப்பார்கள், அதில் பொய் எழுதாதே. எடை கேட்டால் குளிர்ச்சட்டை இல்லாமல் உன் எடை, ஆனால் உண்மையான எடை. வகை 1, 2, 3 என்று இருந்தால், 1 மெதுவாகப் போகிறவருக்கு, 3 வேகமாகப் போகிறவருக்கு, உனக்கு 1. கூட வருகிற பெண்பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள் என்று 3-இல் கோடு போட்டால், கொக்கி நீ விழும்போது விடாது. இடுப்பு எண் 70 முதல் 80, நீளம் உன் தாடைக்கு மேல் மூக்குக்குக் கீழ், R 15-க்குள், அது போதும். தலைக்கவசம் சேர்த்து எடு. முதல் நாள் பயிற்சியாளரிடம் இரண்டு மணி நேரம் கட்டாயம், நண்பன் சொல்லிக்கொடுப்பான் என்று போனால் நட்பும் போகும் முட்டியும் போகும். வலது இடது எது என்று கேட்டான். ஆல்பைன் ஸ்கியில் பொதுவாக வலது இடது கிடையாது, எந்தக் காலிலும் மாட்டலாம். இவ்வளவு நேரம் பேசியதில் அவனுக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது இதுதான்.

கிளம்பும்போது, "அப்போ இதை என்னதான் அண்ணே செய்வீங்க?" என்று மூலையைக் காட்டினான். அப்பா வாசலில் வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.